பாலாற்றுப் பள்ளத்தாக்கில் தானிய அரவையும் நீர்விசையும்

ஓடும் நீரின் விசையால் சக்கரத்தைச் சுழலவைத்து, அதன் வழியே கல் திரிகையை இயக்கித் தானியம் அரைக்கும் அமைப்பு நீராலை எனப்படும். மத்தியதரைக் கடல் நாடுகளில் இது 2,000 ஆண்டுகளுக்கு முன்பே வழக்கில் இருந்தது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதன் அமைப்பை எழுதிவைத்திருக்கிறார். இங்கிலாந்தில் 1086இல் எடுக்கப்பட்ட நிலக் கணக்கில் ஏறக்குறைய 6,000 ஆலைகள் பதிவாயின. இந்தியாவில் இமயமலைச் சரிவுகளின் ஓடைகள் மீது ‘கராட்’ என்றும் ‘பன்சக்கி’ என்றும் அழைக்கப்படும் சிறு நீராலைகள் இன்றும் கோதுமையும் மக்காச்சோளமும் அரைக்கின்றன. தக்காணத்தில் ஔரங்காபாத் தர்காவின் பன்சக்கி, தொலைவிலிருந்து குழாய் வழியே கொண்டுவந்த நீரால் சுழன்று, யாத்திரிகர்களின் உணவுக்கு மாவு அரைத்தது. ஆனால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய தோல் நகரங்களைத் தாங்கி நிற்கும் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் இந்த மரபு வேரூன்றவில்லை. அறியாமையோ சோம்பலோ இதற்குக் காரணம் அன்று. இது நீரைப் பெறுவதற்கே தன் உழைப்பையெல்லாம் செலவிட்ட நிலம். அப்படிப்பட்ட நிலம் நீரிடம் உழைப்பைக் கேட்க இயலாது. இப்பகுதியின் அரவை வரலாறு முழுவதையும் விளக்கும் திறவுகோல் இதுவே.

ஆற்றின் இயல்பு

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, கோலார் வழியே வந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது; கல்பாக்கம் அருகே வயலூரில் கடலில் சேர்கிறது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர்; அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளது. பனிமலையில் பிறக்காததாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடைமழை கிட்டாததாலும் மழைக்காலத்தில் சில நாட்கள் மட்டுமே கரை தொட்டு ஓடும்; மற்ற நாட்களில் ஆறு மணலுக்கு அடியில் ஓடும். வரும்போது சில சமயம் அழிவாகவே வரும். 1903 நவம்பரில் மைசூர்ப் பகுதி ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடியது. ஆண்டில் பெரும்பகுதி மணலாகவும் சில நாட்கள் வெள்ளமாகவும் இருக்கும் ஆற்றில் சக்கரம் நட்டால், முதல் நிலையில் அது அசையாது; இரண்டாம் நிலையில் மிஞ்சாது.

அதனால் இப்பகுதி மக்கள் ஆற்றின் ஓட்டத்தை நம்பாமல் அதன் ஈரத்தை நம்பினார்கள். மணற்படுகையில் நீளவாக்கில் வெட்டிய ஊற்றுக்கால்வாய்கள் அடிநீரைத் திரட்டி வயலுக்குக் கொண்டுபோயின. ஏரிகள் மழையைத் தேக்கின. பல்லவர் காலத்துக் காவேரிப்பாக்கம் ஏரி அவற்றுள் தலையானது. இவை எட்டாத மேட்டு நிலங்களில் கிணறு தோண்டிக் கவலை பூட்டினார்கள். சரிவான பாதையில் இரண்டு மாடுகள் கீழ்நோக்கி நடக்க, வடத்தில் கட்டிய சால் கிணற்றிலிருந்து மேலேறும். சாலின் அடியில் இணைத்த தோல்குழாயின் வாய் திறந்து தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். மாடுகள் பின்னோக்கி மேடேறச் சால் மறுபடி இறங்கும். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும்வரை இது நடக்கும். இப்பகுதிக்குப் பெயர் தந்த தோல், ஏற்றுமதிச் சரக்காகும் முன்பே உழவனின் கிணற்றடியில் ஒரு நீர்க்கருவியாக இருந்தது. மாட்டின் வலிமையும் மனிதனின் காலைப்பொழுதும் நீரை மேலே தூக்கவே செலவாயின.

மறுப்புகளும் விடைகளும்

இங்கே முதல் மறுப்பு எழும்: ஆற்றில் முடியாவிட்டாலும், ஏரி மதகிலும் ஊற்றுக்கால்வாயிலும் சக்கரம் வைத்திருக்கலாமே? கணக்கு இதற்கு இடம் தரவில்லை. விநாடிக்கு 100 லிட்டர் நீர் 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஏறக்குறைய 3 கிலோவாட் விசை கிடைக்கும். சக்கரத்திலும் கல்லிலும் இழப்புப் போகப் பாதி தேறினால் பெரிது. ஒரு திரிகைக்கு அது போதும். ஆனால் கிலோமீட்டருக்கு 1 மீட்டர் மட்டுமே சரியும் கால்வாயில் அந்த 3 மீட்டரை ஒரே இடத்தில் விட்டுக்கொடுத்தால், 3 கிலோமீட்டர் தூரத்துக்குக் கால்வாய் காத்துவந்த உயரம் போய்விடும். அந்த உயரத்தை நம்பிய வயல்களுக்குத் தண்ணீர் ஏறாது. மதகு நீரும் அப்படியே. அது பயிருக்காக முறை வைத்து, நாள் பார்த்துத் திறக்கப்படுவது. ஏரி வற்றினால் நிற்பது. கேழ்வரகோ ஆண்டு முழுவதும் அரைபட வேண்டும். நெல் விளையும் நிலத்தை இழந்து மாவரைப்பதை எந்த ஊரும் விரும்பாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: நாட்டார் அறியாததைப் பிரிட்டிஷ் பொறியாளர்கள் அறிந்திருந்தார்கள், அவர்களாவது ஏன் செய்யவில்லை? அவர்கள் வேறிடத்தில் செய்தார்கள் என்பதே இதற்கு விடை. 1854இல் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாயின் நீர்வீழ்ச்சிகளில் மாவாலைகள் இயங்கின. அதே பத்தாண்டில்தான் வாலாஜாப்பேட்டை அருகே பாலாற்று அணைக்கட்டும் எழுந்தது. அது தண்ணீரைக் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி போன்ற ஏரிகளுக்குத் திருப்பிவிடும் பணியோடு நின்றது. கங்கைக்குப் பனி உண்டு, பாலாற்றுக்கு இல்லை. தமிழகத்திலேயே இன்னொரு சான்றும் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் இரு பருவமழையும் பெறும் தாமிரபரணியின் பாபநாசம் அருவி விசையைக் கொண்டு, 1880களில் ஹார்வி நிறுவனத்தார் விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை அமைத்தனர். வற்றாத ஆறு அமைந்த இடத்தில் தமிழ் மண்ணிலும் நீர்ச்சக்கரத்துக்கு வேலை இருந்தது. ஆகவே ஆற்றின் இயல்பே இதைத் தீர்மானித்தது.

மூன்றாவதாக, அரிசி உண்ணும் ஊருக்கு மாவாலை எதற்கு என்று கேட்கலாம். இது பாதி உண்மை. நெல்லுக்கு உமி நீக்கினால் போதும். உரலும் உலக்கையும் அதைச் செய்தன. இட்லி மாவு ஈரமாக, ஆட்டுக்கல்லில், அன்றன்றைக்கு அரைபட்டது. ஆனால் இப்பகுதி அடங்கிய பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் ஏழை வீடுகளில் நெடுங்காலம் அன்றாட உணவு கேழ்வரகுக் களியும் கூழும்தான். கேழ்வரகை மாவாக்கியே தீர வேண்டும். அதை அரைத்தது வீட்டுத் திரிகை. அடிக்கல்லின் நடுவில் ஒரு முளை. அதன்மேல் பொருந்திச் சுழலும் மேல்கல். அதன் ஓரத்தில் செருகிய மரக் கைப்பிடி. ஒரு கை பிடியைச் சுற்ற, மறு கை நடுக்குழியில் தானியத்தைச் சிறுகச் சிறுக இடும்; விளிம்பெல்லாம் மாவு உதிரும். கல் மழுங்கினால் கொத்த வேண்டும். இந்த வேலை பெண்களுடையது, கூலி இல்லாதது. கூலி இல்லாத உழைப்புக்கு மாற்று தேட யாரும் முதலிடுவதில்லை. ஆற்றின் இயல்பு நீராலைக்குத் தடையாக நின்றது. பெண்களின் உழைப்பு கணக்கில் ஏறாமல் போனது அந்தத் தடையைப் பற்றி எவரும் கவலைப்படாமல் செய்துவிட்டது.

தோலும் தண்ணீரும்

19ஆம் நூற்றாண்டில் தோல் பதனிடுதல் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தபோது, பாலாற்று நீருக்கு மற்றொரு பயன் வந்தது. அங்கும் நீர் விசையாக அல்லாமல் கரைப்பானாகவே பயன்பட்டது. புதர்க்காடுகளின் ஆவாரம்பட்டையும் காட்டுக் கடுக்காயும் தொட்டி நீரில் தம் துவர்ப்பை இறக்க, அதில் தோல் ஊறிப் பதமானது. ஐரோப்பாவில் தோல் பதனிடுவோர் மரப்பட்டை இடிக்கவும் நீராலை வைத்திருந்தார்கள். இங்கே அந்த வேலையையும் மனிதக் கைகளே செய்தன. ஆற்றோரத்தில் ஆலைகள் அமைந்ததற்குக் காரணம் மணலுக்கு அடியில் கிடைத்த தெளிந்த நீர். பின்னர் குரோம் உப்பால் பதனிடும் முறை பரவியதும் கழிவின் நஞ்சு ஏறியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாவதையும், தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதையும் எடுத்துரைத்தது.

கம்பி வழியே வந்த நீர்விசை

அரவைக்கு நீர்விசை இறுதியில் இப்பகுதிக்கும் வந்தது. அது வேறோர் ஆற்றிலிருந்து, கம்பி வழியே வந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தொலைவில் இருந்த கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போயிற்று. காவிரியின் விசை பாலாற்றின் தலைப்பகுதியை எட்டிய முதல் நிகழ்ச்சி இது. 1937இல் மேட்டூர் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களோடு வட ஆர்க்காட்டுக்கும் மின்சாரம் அளித்தது. விடுதலைக்குப் பின் கிராமங்களுக்குக் கம்பி நீண்டபோது, எண்ணெய் எஞ்சினால் ஓடிய ரைஸ் மில்லும் மாவு மில்லும் மோட்டாருக்கு மாறின. கேழ்வரகைத் தூக்கில் எடுத்துப்போய் ‘மிஷினில்’ கொடுத்து, சூடு ஆறாத மாவோடு திரும்புவது வழக்கமாயிற்று. பின்னாளில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி போன்றவற்றால் ஆகும் அனல் மின்சாரம் பெருகியதால் இதை நீர்விசை என்று சொல்லலாமா என்ற ஐயம் நியாயமானது. ஆனால் நெய்வேலியின் முதல் அலகு 1962இல்தான் இயங்கியது; அதற்கு முந்திய கால் நூற்றாண்டில் இப்பகுதிக்கு வந்த மின்சாரத்தில் மேட்டூருக்கே முதன்மையான இடம். அந்த அளவில், இப்பகுதியின் முதல் மின் மாவு மில்களைப் பாலாறு சுழற்றாத நீராலைகள் என்று கூறுவது பொருந்தும்.

இந்த மாற்றத்தின் நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பல தலைமுறைப் பெண்களின் தோள்வலி அதனால் தீர்ந்தது. அதே வேளையில், பிறர் வீட்டு நெல்லைக் குற்றிக் கூலி பெற்ற ஏழைப் பெண்கள் அந்தக் கூலியை இழந்தார்கள். அவர்களுக்கு மாற்று வேலை தருவது எவர் பொறுப்பாகவும் இருக்கவில்லை. மேலும், மாவு மில்லுக்கு வந்த அதே கம்பி கிணற்றடிக்கும் போயிற்று. கவலை மறைந்து பம்புசெட் வந்தது. மாடு இறைத்தபோது அதன் களைப்பே நீர் இறைப்புக்கு எல்லையாக இருந்தது. மோட்டாருக்கு அந்த எல்லை இல்லை. 1990இல் உழவர் அனைவருக்கும் மின்சாரம் இலவசமானபின் செலவு என்ற தடையும் நீங்கியது. கிணறுகள் ஆழ்துளைக் கிணறுகளாயின. ஆற்று மணலும் அள்ளப்பட்டது. வெளியிலிருந்து விசை வந்தபோதும் இந்நிலம் அதை நீரை இறைக்கவே செலவிட்டது. முன்பைவிட வேகமாக, முன்பு எட்டாத ஆழத்திலிருந்து.

மதிப்பீடு

இமயமலையில் பழைய பன்சக்கிகளைப் புதுப்பித்து மின்சாரமும் எடுக்கும் முயற்சிகள் போற்றத்தக்கவை. அவற்றைப் பார்த்து ஜவ்வாது மலை அடிவாரத்திலும் நீராலை அமைக்கலாம் என்று எண்ணுவது இந்த வரலாற்றைப் படிக்காததன் விளைவு. இப்பகுதியின் அமிர்தி, ஜலகாம்பாறை அருவிகளும் மழையை ஒட்டியே உயிர்பெறுகின்றன. பாலாற்றிடம் விசை கேட்க ஒன்றுமில்லை. அதற்குத் திருப்பித் தரவேண்டியதே மிகுதி. ஏரிகளைத் தூர்வாருவது, ஊற்றுக்கால்வாய்களை மீட்பது, மணலைக் காப்பது, தோல் ஆலைக் கழிவு ஒரு சொட்டும் ஆற்றில் கலக்காமல் தடுப்பது ஆகியவையே இப்பகுதி மக்களும் அரசும் ஆலை உரிமையாளர்களும் இன்று செய்யவேண்டிய பணி.