ராமானுஜன் பொங்கிய சோறு



வகுப்பில் 1729 கதையைச் சொல்லாமல் நான் எந்த வருஷமும் விட்டதில்லை. டாக்ஸி எண், ஹார்டி, ஆஸ்பத்திரிப் படுக்கை எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மனிதர் கேம்பிரிட்ஜில் என்ன சாப்பிட்டார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. இப்போது உங்களில் பலருடைய பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் தாங்களே பொங்கிச் சாப்பிட்டுப் படிக்கிறார்கள். ஆகவே இன்று அந்தக் கதை.

ஊரில் ராமானுஜன் கணக்கில் மூழ்கியிருக்கும்போது எழுந்திருக்க வேண்டாம் என்று வீட்டுப் பெண்கள் சோற்றைப் பிசைந்து கையில் வைப்பார்களாம். அப்படிப்பட்டவர் 1914 ஏப்ரலில், 26 வயதில், இங்கிலாந்தில் இறங்கினார். சில வாரம் பேராசிரியர் நெவில் வீட்டில் இருந்துவிட்டு டிரினிட்டி கல்லூரி அறைக்குப் போனார். கல்லூரியின் பொது உணவுக்கூடத்தில் கை நனைக்க அவர் மனம் ஒப்பவில்லை. சுத்த சைவம், அங்கே எந்தச் சட்டியில் எது வெந்தது என்று யார் கண்டது? கேம்பிரிட்ஜில் இருந்தவரை தன் சாப்பாட்டைத் தானே சமைத்தார் என்று ஹார்டி எழுதியிருக்கிறார். பைஜாமாவுக்கு மாறாமல் சமைக்கமாட்டாராம். ஹார்டிக்கு அது வேடிக்கை. நம் பாட்டிமாருக்குச் சொன்னால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்கள்: மடி.

அந்த அறைக்கு 1914 டிசம்பரில் மகாலனோபிஸ் போனார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர்தான். ராமானுஜன் கணப்பு நெருப்பின் மேல் பாத்திரம் வைத்து எதையோ கிண்டிக்கொண்டிருந்தார். மகாலனோபிஸ் ஸ்ட்ராண்ட் பத்திரிகையிலிருந்து ஒரு புதிரை வாசித்தார். ஒரு தெருவில் 1, 2, 3 என்று வரிசையாக வீட்டு எண்கள். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கக் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அந்த வீட்டின் எண் என்ன? கிண்டுவதை நிறுத்தாமலே ராமானுஜன் ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்த ஒரு புதிருக்கு மட்டுமல்ல, அந்த மாதிரிப் புதிர் எல்லாவற்றுக்குமே விடை அதில் இருந்தது. (288 வீடுகள், விடை 204. பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.)

அப்போது முதல் உலகப்போர் தொடங்கியிருந்தது. காய்கறி அருகிவந்தது. புளி கேட்டு ஊருக்கு எழுதினார். நாக்கை அடக்கிவிட்டேன், சோறும் உப்பும் எலுமிச்சைச் சாறும் இருந்தால் எத்தனை நாளும் ஓட்டுவேன் என்ற பொருளில் நண்பருக்கு ஒரு கடிதம் போட்டார். படிக்கும்போது எனக்குப் பெருமையாக இல்லை, பயமாக இருந்தது.

இதே நாட்டில் 1888 முதல் 1891 வரை சட்டம் படித்த காந்தியும் அடுப்பு வாங்கித் தானே சமைத்தவர்தான். காலையில் ஓட்ஸ் கஞ்சி, கோகோ. இரவில் ரொட்டி, கோகோ. ஒரு நாள் செலவு 1 ஷில்லிங் 3 பென்ஸ். ஆனால் மதியம் வெளியே போய்ச் சாப்பிட்டார். சைவ உணவுக்காரர்களின் சங்கத்தில் சேர்ந்தார். சட்டம் படிப்போர் பருவந்தோறும் விருந்துகளில் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்ற விதியும் இருந்தது. நான்கு பேருக்கு இரண்டு புட்டி ஒயின் என்பதால், குடிக்காத காந்தியைத் தங்கள் மேஜைக்கு இழுக்க மற்றவர்களிடையே போட்டி! ராமானுஜனை அப்படி யாரும் எந்த மேஜைக்கும் இழுக்கவில்லை. ஆராய்ச்சியில் ஹார்டி கூட இருந்தார். சாப்பாட்டு வேளையில் தனிமைதான்.

அதனால்தானோ என்னவோ, வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பரிமாறுவது அவருக்குச் சாதாரண விஷயமாக இல்லை. ஒருமுறை ஒரு நண்பரையும் இரண்டு பெண்களையும் விருந்துக்கு அழைத்து ரசம் ஊற்றினார். இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் தடவை பெண்கள் போதும் என்றார்கள். மனிதரைக் காணோம்! டாக்ஸி பிடித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்விட்டார், சில நாள் கழித்துத்தான் திரும்பினார். கோபக்காரர் என்று சிரிப்பவர்கள் உண்டு. வாரக்கணக்கில் ஒற்றையாளுக்கே உலை வைத்தவன் மனசு அவர்களுக்குத் தெரியாது.

1917-இல் படுத்தார். அப்போது காசநோய் என்றார்கள். அவருக்கு முன்பே வந்திருந்த வயிற்றுக்கடுப்பின் தொடர்ச்சியாகக் கல்லீரலில் அமீபா தங்கியிருக்கலாம் என்று 1994-இல் யங் என்பவர் எழுதினார். ஆகவே சைவச் சாப்பாடுதான் கொன்றது என்று பேசுகிறவர்களை நான் ஒப்புக்கொள்வதில்லை. நேரந்தவறிய உணவும் தனிமையும் அந்த உடம்பை இன்னும் நலியவைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

1919-இல் சென்னை திரும்பினார், 1920 ஏப்ரல் 26-இல் காலமானார். நீ கூட வந்திருந்தால் எனக்கு நோயே வந்திருக்காது என்று அவர் சொல்வாராம். இதைப் பிற்காலத்தில் சொன்னவர் ஜானகி அம்மாள். அந்தக் கடைசி மாதங்களில் வேளாவேளைக்குச் சோறு, எலுமிச்சைச் சாறு, மோர் கொடுத்ததும், வலி வந்தால் காலிலும் மார்பிலும் ஒத்தடம் போட்டதும் அந்த அம்மாதான். அதற்கு வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களை முதுமை வரை பத்திரமாக வைத்திருந்தார்.