நீரிழிவில் காது, மூக்கு, தொண்டை நோய்கள்

இரத்தச் சர்க்கரை நெடுநாள் கட்டுக்குள் இல்லாவிட்டால் வெள்ளணுக்களின் போராடும் திறன் குறையும், நுண்குழாய்கள் பழுதுபடும். பிறருக்கு எளிதில் ஆறும் தொற்று, நீரிழிவு உள்ளவர்களுக்கு எலும்புவரை இறங்குவது இதனால்தான்.

இத்தகைய தொற்றுகளுள் மிகக் கொடியது கருப்புப் பூஞ்சை எனப்படும் மியூகோர்மைகோசிஸ். மண்ணிலும் மட்கிய பொருள்களிலும் வாழும் இப்பூஞ்சையின் வித்துகள் மூச்சோடு மூக்கையும் சைனஸ் அறைகளையும் அடைகின்றன. இரத்தத்தில் கீட்டோன் அமிலம் மிகும்போது புரதத்தோடு பிணைந்திருந்த இரும்பு விடுபட்டுப் பூஞ்சைக்கு உணவாகிறது. பூஞ்சை இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைப்பதால் திசு கறுத்து மடிகிறது. சில நாள்களிலேயே கண்ணுக்கும் மூளைக்கும் பரவக்கூடும். 2021இல் கோவிட் இரண்டாம் அலையின்போது, ஸ்டீராய்டு பெற்ற நீரிழிவு நோயாளிகள் பலரை இந்தியாவில் இது தாக்கியது. ஆம்ஃபோடெரிசின் பி மருந்து மட்டும் போதாது. மடிந்த திசுவை அறுவை செய்து அகற்றியே தீர வேண்டும்.

காதில் வருவது கடும் வெளிக்காது அழற்சி. 1968இல் சாண்ட்லர் என்ற மருத்துவர் இதை விரிவாக விவரித்தார். பெரும்பாலும் முதியவர்களைத் தாக்கும். சூடோமோனாஸ் பாக்டீரியா காதுக்குழாயிலிருந்து மண்டையோட்டின் அடி எலும்புக்குப் பரவும், முகவாதமும் வரலாம். சிகிச்சை வாரக்கணக்கில் நீளும்.

தொண்டையில் கேண்டிடா என்னும் பூஞ்சையின் வெண்படலமும், கழுத்தின் ஆழத்தில் சீழ்க்கட்டியும் தோன்றலாம். செவித்திறன் குறைவும் நீரிழிவு உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

இரவில் தூங்கவிடாத காதுவலி, மூக்கில் கறுத்த சளி, கன்ன மரமரப்பு, இரட்டைப் பார்வை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் சர்க்கரை நோயாளிகள் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.