பந்தியும் கணக்கு நோட்டும்: பெருந்தொற்றுக் காலத்தில் சென்னை மெஸ்கள்

சென்னையில் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற பழைய பகுதிகளில் 'மெஸ்' என்று வழங்கும் சாப்பாட்டுக் கடை, ஓட்டலின் சிறு வடிவம் அன்று. அதற்கெனத் தனி இலக்கணம் உண்டு. பழைய பிரெஞ்சில் பரிமாறப்படும் உணவைக் குறித்து, பின்னர் ஆங்கிலேய ராணுவத்தில் அதிகாரிகள் ஒன்றாக உண்ணும் கூடத்துக்குப் பெயரான இச்சொல், கல்லூரி விடுதிகளிலும் புழங்கி, தமிழில் ஒரு குடும்பம் தான் குடியிருக்கும் வீட்டின் முன்கட்டிலோ கீழ்த்தளத்திலோ நடத்தும் உணவகத்தைக் குறிக்கலாயிற்று. மயிலாப்பூர் ராயர் மெஸ், திருவல்லிக்கேணி காசி விநாயகா மெஸ் போன்றவை ஊரறிந்த பெயர்கள். ஆயினும் 2020-இன் கொரோனாப் பெருந்தொற்று இத்தொழிலை எவ்விடத்தில் தாக்கியது என்பதை அறிய, பெயர்ப்பலகைகூட இல்லாமல் சந்துகளுக்குள் நடந்துவந்த மெஸ்களையே நோக்க வேண்டும்.

இவற்றின் பிழைப்பு பெரும்பாலும் மேன்ஷன்களை ஒட்டியே அமைந்தது. மேன்ஷன் என்பது மாளிகை அன்று. வேலைக்காகவும் படிப்புக்காகவும் வெளியூரிலிருந்து வந்த, பெரும்பாலும் மணமாகாத ஆண்கள் ஓர் அறையை இருவர் மூவராகப் பகிர்ந்து தங்கும் விடுதி. அங்கே சமைக்க வசதியில்லை. அறைவாசிக்கும் மெஸ்ஸுக்கும் இடையிலான உறவைத் தாங்கியது மாதக் கணக்கு. நீளவாக்கில் தைத்த நோட்டில் பெயருக்கு நேரே, உண்ட வேளை ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு இழுக்கப்பட்டு, சம்பளம் வந்ததும் கோடுகள் எண்ணப்பட்டுக் கணக்குத் தீரும். எழுத்து ஒப்பந்தமோ பிணையோ கிடையாது. நாளையும் அதே ஆள் அதே பெஞ்சுக்கு வருவார் என்ற நம்பிக்கைதான் பிணை.

மற்றொரு தூண் பந்தி. நீண்ட மேசையில் தோளோடு தோள் இடிக்க இலை போட்டு, ஒருவர் மோர் ஊற்றிக்கொள்ளும்போதே அடுத்தவர் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பதும், 'இன்னும் கொஞ்சம் ரசம்' என்ற குரலுக்கு மறுகணக்கு எழுதப்படாததும் பழக்கத்தால் மட்டும் வந்தவை அல்ல. குறைந்த விலைக்கு வயிறார உணவிட இயன்றதன் பொருளாதாரம் அதில்தான் இருந்தது. இடவாடகை பல பந்திகளுக்குப் பங்கிடப்பட்டது. அதிகம் உண்பவரின் செலவைக் குறைவாக உண்பவர் ஈடுகட்டினார். நெருக்கமே இலாபமாக இருந்த ஒரு தொழிலுக்கு, விலகி இருப்பதே மருந்தான நோய் என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2020 மார்ச் 17 முதல் கல்வி நிலையங்கள் மூடப்பட்டன. மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் நாடு முழுவதும் பொது முடக்கம் தொடங்கியது. பார்சலுக்கு அனுமதி இருந்தது என்றாலும், வாங்க வேண்டிய மேன்ஷன்வாசிகளில் பலர் ஊருக்குத் திரும்பியிருந்தனர். நாள்களைக் கவனித்தால் இன்னொன்றும் புலப்படும்: முடக்கம் மாதத்தின் கடைசி வாரத்தில் வந்தது. ஏறத்தாழ ஒரு மாதச் சாப்பாடு பரிமாறப்பட்டுவிட்ட, ஆனால் பணம் இன்னும் வந்திராத வாரம் அது. நோட்டில் கோடுகள் இருந்தன. கோடுகளுக்கு உரியவர்கள் நகரில் இல்லை. மே 5 அன்று கோயம்பேடு சந்தையும் மூடப்பட்டு, காய்கறி மொத்த வணிகம் நகருக்கு வெளியே திருமழிசைக்கு மாற்றப்பட்டபின், கைக்கு எட்டும் தொலைவிலிருந்த கொள்முதலும் அலைச்சலாயிற்று.

அமர்ந்து உண்ண ஜூன் 8 முதல் அனுமதி கிடைத்தது. பாதி இருக்கைகளே நிரப்பப்பட வேண்டும் என்பது விதி. நூறு பேர் அமரும் ஓட்டலுக்குப் பாதி என்பது ஐம்பது; பதினாறு பேர் அமரும் மெஸ்ஸுக்கு எட்டு. எட்டுப் பேருக்காக என்றாலும் அடுப்புகள் அத்தனையும் எரிந்தாக வேண்டும். அந்த அனுமதியும் சென்னையில் நிலைக்கவில்லை. ஜூன் 19 முதல் 30 வரை மீண்டும் கடும் முடக்கம், மீண்டும் பார்சல் மட்டும்.

பார்சல் புதிதாக வந்ததன்று. 'எடுப்புச் சாப்பாடு' என்று பழைய பலகைகளில் காணப்பட்ட தொடர், வீட்டிலிருந்து கொண்டுவரும் அடுக்குக் கேரியரில் சோறும் குழம்பும் வாங்கிச் செல்லும் வழக்கத்தைக் குறித்தது. பந்தியின் ஓரத்தில் நடந்த அந்தச் சிறு வணிகமே இப்போது தொழில் முழுவதுமாயிற்று. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் தடை இருந்ததால், செய்தித்தாளின் மேல் வாழையிலை விரித்துச் சோற்றை மடித்து நூலால் கட்டும் பழைய கைப்பழக்கம் கைகொடுத்தது. ஆனால் பொட்டலத்தில் 'இன்னும் கொஞ்சம்' என்பதற்கு இடமில்லை. அளவின்றிப் பரிமாறிய கை கரண்டிக் கணக்குக்குப் பழக வேண்டியிருந்தது. செயலிகள் வழியே விற்கலாம் என்றாலும், அவை பிடித்துக்கொள்ளும் தரகு மெஸ் விலைக்குத் தாங்காது.

சட்டத்தின் பார்வையிலும் மெஸ் ஓர் இடைப்பட்ட பிறவி. பம்பாய்ப் பிளேக்கை முன்னிட்டு 1897-இல் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டமும் 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும் 2020-இல் கையிலெடுக்கப்பட்டு, தொற்று கண்ட வீடுகள் தனிமைப்படுத்தப்பட்டன. வீடு வேறு, கடை வேறாக உள்ளவருக்கு, வீட்டில் ஒருவர் நோயுற்றாலும் கடையை வேறொருவர் திறக்க வழியுண்டு. மெஸ்ஸில் அடுக்களை இரண்டுக்கும் பொது. தெருக்கள் தகரம் அடித்து அடைக்கப்பட்ட அந்த மாதங்களில், குடும்பத்தில் ஒருவருக்குத் தொற்று என்றால் சமைப்பவர், பரிமாறுபவர், கணக்கு எழுதுபவர் எல்லாருமே ஒருசேரத் தனிமைப்பட்டனர்.

நிவாரணத்திலும் இதே இக்கட்டு. சாலையோர வியாபாரிகளுக்கு 2020 ஜூனில் அறிவிக்கப்பட்ட 10,000 ரூபாய்க் கடன், கதவும் கூரையும் உள்ள கடைக்கு உரியதன்று. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டமோ, 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையிலிருந்த வங்கிக் கடனில் 20 விழுக்காட்டை மேலும் தருவதாக அமைந்தது. வங்கியில் கடன்பட்டிருந்தவருக்கே கடன் என்ற இந்த ஏற்பாட்டில், நகையை அடகு வைத்தும் சீட்டு எடுத்தும் வங்கிப் பக்கம் போகாமல் நடத்தியவரின் கணக்கில் 20 விழுக்காடு என்பது பூஜ்யமே. சிக்கனம் தண்டனையாக மாறியது என்று சொல்வது மிகையாகாது.

கூலிக்கு ஆள் வைக்காத குடும்பங்கள் சம்பளப் பாக்கி இன்றித் தாக்குப்பிடித்தன என்று இதை ஒரு பலமாகக் கூறுவோர் உண்டு. அந்த உழைப்புக்கு, பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு, முன்பும் சம்பளம் எழுதப்பட்டதில்லை என்பதே அதன் பொருள்.

2021 மே 10 முதல் மறுபடியும் முழு முடக்கம். காலை 6 முதல் 10, பகல் 12 முதல் 3, மாலை 6 முதல் 9 வரை பார்சல் மட்டும். ஜூலை 5 முதல் மாநிலமெங்கும் பாதி இருக்கைகளுடன் மீண்டும் இலை போடப்பட்டது.