வாசிகசாலைகளும் வாக்காளர்களும்

தேர்தல் என்றதும் மேடையும் ஒலிபெருக்கியும் சுவரொட்டியுமே எமது நினைவுக்கு வருகின்றன. ஆனால் எமது ஊர்களில் அரசியலைச் சாதாரண மனிதரிடம் கொண்டுசென்ற இடங்கள் வேறு. முதலில் வாசிகசாலைகள், பின்னாளில் சனசமூக நிலையங்கள். நீண்டகாலம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற வகையில், அவற்றின் பங்கு போதிய அளவு பேசப்படவில்லை என்ற குறை எனக்கு உண்டு.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு 21 வயது நிரம்பிய ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கியது. எனினும் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமையை வதிவிட நிபந்தனைகள் மட்டுப்படுத்தின. அதற்கு முன்னர் வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தோர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரே. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற தலைவர்கள் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தனர். எழுத்தறியாதோருக்காக வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் ஒதுக்கப்பட்டது. நிறத்தைச் சொல்லிக்கொடுப்பது எளிது. அந்த வாக்கினால் என்ன பயன் என்பதைச் சொல்லிக்கொடுக்கவே ஆள் தேவைப்பட்டது.

யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸின் பகிஷ்கரிப்பினால் குடாநாட்டின் 4 தொகுதிகளில் 1931இல் வேட்புமனுவே தாக்கல் செய்யப்படவில்லை. அங்கு மக்கள் 1934இலேயே வாக்களித்தனர். அதே ஆண்டில்தான், க. மு. செல்லப்பா தமது வீட்டில் தொடங்கிய இரவல் நூல் முயற்சி, ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களுடன் பொது நூலகமாக உருவெடுத்தது. 1935இல் நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. ஊரார் தொடங்கியதை உள்ளூராட்சி மன்றம் வளர்த்த கதை அது.

கிராமங்களிலும் இதே கதை சிறிய அளவில் நிகழ்ந்தது. ஒரு மேசை, இரண்டு வாங்குகள், 'ஈழகேசரி', 'வீரகேசரி', 'தினகரன்', பின்னர் 'ஈழநாடு'. வாசிக்கத் தெரிந்தவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்டிருப்பார்கள். செய்தி முடிந்ததும் விவாதம் தொடங்கும். ஒழுங்கை ஏன் திருத்தப்படவில்லை, சோலைவரி எங்கே போகிறது, வட்டார உறுப்பினர் சபையில் வாய் திறந்தாரா என்பன அங்கே கேட்கப்பட்ட கேள்விகள். எனினும் ஒன்றை மறைத்தல் தகாது. எல்லா வாசிகசாலை வாங்குகளிலும் எல்லோரும் அமர முடியவில்லை. சாதியின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தமக்கெனத் தனி நிலையங்களை அமைத்தே இந்த அறிவைப் பெறவேண்டியிருந்தது.

1981 ஜூன் 4ஆம் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதற்குச் சில நாட்கள் முன்னர், மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயல்களில், ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 'ஈழநாடு' பணிமனையும் எரிந்தது. உள்ளூர் அதிகாரத்துக்கான தேர்தலும் மக்களின் வாசிப்பு நிலையத்தின் அழிவும் ஒரே வாரத்தில் நிகழ்ந்தன.

1983 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் பகிஷ்கரிப்பினால் மிகச் சிலரே வாக்களித்தனர். அதன் பின்னர் குடாநாட்டில் அடுத்த உள்ளூராட்சித் தேர்தல் 1998 ஜனவரியில்தான் நடைபெற்றது. அதில் யாழ். மாநகர முதல்வரான சரோஜினி யோகேஸ்வரன் அதே ஆண்டு மே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளிநொச்சி மக்களோ 2011 வரை காத்திருந்தனர். 1984இல் 18 வயதை அடைந்த ஒருவர் அங்கு தமது பிரதேச சபைக்கு முதன்முறையாக வாக்களிக்கும்போது 45 வயதை எட்டியிருப்பார். தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அனுபவம் இவ்வாறு ஒரு தலைமுறைக்கு அறுந்துபோனது.

2018இல் வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த புதிய முறை வந்தது. விருப்பு வாக்கு இல்லை. ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரே புள்ளடி. பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடும் நடைமுறைக்கு வந்தது. 2023இல் நடைபெறவேண்டிய தேர்தல் நிதியில்லை என்ற காரணத்தால் பிற்போடப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறுதியில் 2025 மே 6ஆம் திகதி 339 மன்றங்களுக்கு வாக்கெடுப்பு நடைபெற்றது.

புள்ளடி இடுவது எப்படி என்பதைத் தேர்தல் ஆணைக்குழுவும் கண்காணிப்பு அமைப்புகளும் சொல்லித் தருகின்றன. அது தேவையான பணியே. ஆனால் வாக்களித்த மறுநாள் தொடங்கும் நான்கு ஆண்டுகளைப் பற்றி யார் சொல்லித் தருவது? பொதுச் சுகாதாரம், வீதி, பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் ஆகியன பிரதேச சபையின் கடமைகள் என 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. சபையின் கணக்கைக் கேட்கும் வழியை 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் திறந்துவைத்துள்ளது.

சனசமூக நிலையங்கள் பல ஊர்களில் இன்றும் உள்ளன. அன்று பத்திரிகையை உரத்து வாசித்தது போல, சபையின் ஆண்டுப் பாதீட்டை அங்கே ஒருவர் உரத்து வாசிக்கட்டும். யாரும் வெளியே நிறுத்தப்படாமல், பெண்களும் அமர்ந்து அதைக் கேட்கட்டும். புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் கட்டடத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு இப்பணிக்கும் செல்லுமானால், அறுந்த இழையை மீண்டும் முடியலாம்.