சி மொழியின் கட்டுப்பாட்டுக் கூற்றுகளில் பிழை கண்டறிதல்: ஒரு வரலாற்று நோக்கு

சி மொழியின் தொகுப்பி இலக்கணப் பிழையைச் சுட்டும். நிரலரின் கருத்துப் பிழையை உணராது. இக்குறையைப் போக்க, பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் ஜான்சன் 1978இல் 'லின்ட்' என்னும் கருவியை உருவாக்கினார். ஒருபோதும் இயங்காத கூற்றுகளையும் அது சுட்டியது.

ஆயினும் பிழைகள் தொடர்ந்தன. 1990 சனவரி 15 அன்று, 114 இணைப்பகங்களைக் கொண்ட ஏடி அண்ட் டி தொலைபேசி வலையமைப்பு ஏறத்தாழ 9 மணிநேரம் பாதிப்புற்றது. 'இஃப்' பகுதியில் இடப்பட்ட ஒரு 'பிரேக்', அதனைச் சூழ்ந்த 'ஸ்விட்ச்' கூற்றையே விட்டு வெளியேறியதே காரணம். 2014இல் ஆப்பிளின் பாதுகாப்பு நிரலில் 'கோட்டூ' வரி இருமுறை இடம்பெற்றதால் கையொப்பச் சரிபார்ப்பு இயங்காது போனது தெரியவந்தது. உள்தள்ளல் அவ்வரியை 'இஃப்' கூற்றுக்கு உட்பட்டதாகக் காட்டியது. 2016இல் வெளியான ஜிசிசி 6 இத்தகைய உள்தள்ளலை எச்சரிக்கத் தொடங்கியது.

இவ்விரு நிரல்களும் இலக்கணம் வழுவாதவை. எனவே, நிரலர் கருதிய ஓட்டத்தை மொழிவிதி தரும் ஓட்டத்தோடு ஒப்பிடுவதே பிழை காணும் முறையின் அடிப்படை எனலாம்.