கணக்கன் எழுதிய ஊர்

தமிழ்நாட்டின் ஒரு கிராமத்தைப் பற்றி அரசுக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, அந்த ஊரில் ஒருவர் எழுதி வைத்ததிலிருந்து வந்தது. சோழர் காலத்தில் அவர் ஊர்க்கணக்கர். பிறகு கணக்குப்பிள்ளை என்றும் கர்ணம் என்றும் அழைக்கப்பட்டார். இன்று கிராம நிர்வாக அலுவலர். எந்த வயல் யாருடையது, அதில் என்ன விளைந்தது, யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில் இருந்த கட்டுக்குள் அடங்கியிருந்தது. அவர் கணக்கு இல்லாமல் எந்த அரசாலும் வரி வாங்க முடியவில்லை. அவர் கணக்கை எந்த அரசும் முழுதாக நம்பவுமில்லை.

இந்த அவநம்பிக்கை மிகப் பழையது. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 921-ல் வெட்டப்பட்ட கல்வெட்டைக் குடவோலைத் தேர்தலுக்காகவே எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். கணக்கைப் பற்றி அதே கல்வெட்டு சொல்வது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வாரியம் என்ற ஊர்க்குழுவில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இட முடியாது; அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அதே தடை. கணக்கு எழுதுகிறவருக்குத் தனி விதி உண்டு. தாம் எழுதிய கணக்கை அவரே நேரில் வந்து ஒப்புவிக்க வேண்டும். வேறொருவர் வந்து அதை முடித்துவைக்கக் கூடாது. கணக்கைப் பார்க்கும் பெருமக்கள் அவர் தூயவர் என்று ஏற்றுக்கொண்ட பிறகே மறுபடியும் அந்த வேலை கிடைக்கும். இன்றைய தணிக்கை விதிகளில் பாதி இதற்குள் இருக்கிறது.

ஊர்ச் சபை தனக்காக வைத்திருந்த கணக்கை நாடு முழுவதற்கும் ஒரே அளவில் கொண்டுவரும் முயற்சி முதலாம் இராசராசன் காலத்தில் நடந்தது. ஏறத்தாழ கி.பி. 1001-ல் தொடங்கிய அந்த நில அளவையின் பொறுப்பாளர் 'உலகளந்தான்' என்ற பட்டம் பெற்றார். புரவுவரித் திணைக்களம் என்ற வரித்துறையில் வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலீடு என்று அடுக்கடுக்காக எழுத்தர்கள் இருந்தார்கள். ஒரு நிலம் கோயிலுக்குரிய தேவதானமாகவோ சமண, பௌத்தப் பள்ளிக்குரிய பள்ளிச்சந்தமாகவோ மாறினால் அந்த மாற்றம் இவர்கள் ஒவ்வொருவர் கையாலும் பதிவாக வேண்டும். செப்பேடுகளில் நீண்டுகொண்டே போகும் அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல் படிப்பவருக்கு அலுப்பூட்டலாம். ஆனால் ஒரே ஆளின் எழுத்தை அரசு நம்பவில்லை என்பதற்கு அந்தப் பட்டியலைவிட நல்ல சான்று கிடையாது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வேலியின் 52,428,800,000-ல் ஒரு பங்கு வரை நில அளவு சொல்லப்படுகிறது. சோழர் அளவையின் நுட்பத்துக்குச் சான்றாகப் பலர் இதைக் காட்டி வியப்பதுண்டு. வேலியை ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பங்கு அரைச் சதுர மில்லிமீட்டர் அளவுக்கு வரும். எந்தக் கோலாலும் அதை அளக்க முடியாது. அது கணக்குப் போட்டதில் கிடைத்த எண். தமிழ்க் கணக்கில் காணி என்பது 80-ல் ஒன்று, முந்திரி 320-ல் ஒன்று. முந்திரியை மறுபடி 320 கூறாக்கினால் கீழ்முந்திரி. அதற்கும் கீழே போகலாம். மொத்த நிலத்திலிருந்து குளம், வாய்க்கால், சுடுகாடு, கோயில் என்று வரியில்லாதவற்றைக் கழித்து, மிச்சத்தைச் சிறிதும் விட்டுப்போகாமல் எழுதினால் இப்படிப்பட்ட பின்னங்கள் தாமாக வந்து நிற்கும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பிள்ளைகள் கணக்கு வேலைக்கு வந்த பிறகு, 19-ஆம் நூற்றாண்டிலும் இந்தப் பின்னங்களில்தான் எழுதினார்கள். வெளியிலிருந்து வந்த அதிகாரிக்கு அது புரியவில்லை. புரியாமல் இருந்தது கணக்குப்பிள்ளைக்கு வசதியாகவும் இருந்தது.

அந்த ஓலைக்கட்டில் என்னதான் இருந்தது என்று விரிவாகப் பார்க்க முடிவது செங்கல்பட்டுப் பகுதியில்தான். 1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற கம்பெனிப் பொறியாளர் அங்கிருந்த ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் விவரங்களைத் திரட்டினார். வீடு எத்தனை, எந்தச் சாதியாருக்கு எத்தனை. ஏரி, குளம், கோயில், சத்திரம், தோப்பு எத்தனை. நஞ்சை, புஞ்சை, தரிசு எவ்வளவு. மானியம் யார் யாருக்கு என்று ஊர் ஊராக எழுதப்பட்டது. இந்தப் பதிவுகளின் ஆங்கிலச் சுருக்கம் சென்னையில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதே பகுதியின் தமிழ் ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன.

களத்து மேட்டுக் கணக்குதான் இவற்றில் மிகவும் வளமானது. விளைந்த நெல் அப்படியே அரசுக்கும் உழுதவருக்கும் பிரிந்துவிடவில்லை. அதற்கு முன்பே கோயிலுக்கும் ஏரிக்கும், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியான், தலையாரி என ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு போனது. நெல்லை அளக்கும் முன் இவ்வளவு, அளக்கும்போது இவ்வளவு, அளந்த பின் இவ்வளவு என்று முறை இருந்தது. 'சுதந்திரம்' என்ற தலைப்பில் எழுதப்பட்ட இந்தப் பங்குகளில் கணக்குப்பிள்ளைக்கும் ஒன்று உண்டு. அதாவது, யாருக்கு எவ்வளவு என்று எழுதியவரே அதில் பங்கு வாங்கியவர். இந்தக் கணக்கை இன்று ஆய்வுக்கு எடுப்பவர்கள் மறக்கக் கூடாத செய்தி இது.

கம்பெனி அதிகாரிகள் இதை மறக்கவே இல்லை. தங்கள் கடிதங்களிலும் அறிக்கைகளிலும் கர்ணங்களை அவர்கள் திட்டாத நாளில்லை. ஆனால் 1802-ல் கொண்டுவந்த 29-ஆம் ஒழுங்குச் சட்டம் கர்ணத்தின் பதவியை உறுதியாக்கத்தான் செய்தது. நிரந்தர ஜமீன் முறை அறிமுகமான ஆண்டு அது. ஜமீன்தார் எவ்வளவு வசூலிக்கிறார் என்று அரசு தெரிந்துகொள்ள வேறு வழியில்லை. ஆகவே கர்ணத்தின் பதவி பரம்பரையாகத் தொடரும், ஜமீன்தார் நினைத்தபடி அவரை விலக்க முடியாது என்று ஆயிற்று. தாங்கள் நம்பாத ஒருவரைத் தாங்கள் இன்னும் குறைவாக நம்பிய வேறொருவருக்குக் காவல் வைத்தார்கள்.

ஜமீன் இல்லாத பகுதிகளில் அரசே நேராகக் குடியானவரோடு கணக்கு வைத்தது. 1792-ல் பாராமகாலில், இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் வட்டாரத்தில், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இதைத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் ரயத்துவாரி என்று நிலைத்த முறை இதுதான். ஜமீன்தாரோடு ஒரே ஒரு தொகையைப் பேசி முடிப்பதற்கு ஒரு கையெழுத்து போதும். லட்சக்கணக்கான குடியானவர்களோடு தனித்தனியே பேசுவதற்கு ஒவ்வொரு வயலைப் பற்றியும் தகவல் வேண்டும். எனவே ரயத்துவாரி பரவிய இடமெல்லாம் காகிதமும் பெருகியது. தொடக்க கால 'பைமாஷ்' அளவையில் கோல் பிடித்தவர்களும் அளவு சொன்னவர்களும் பெரும்பாலும் உள்ளூர்க் கணக்கர்களே. வரி மிகையாக விதிக்கப்பட்டு, அதை வசூலிக்கக் குடிமக்கள் சித்திரவதை செய்யப்பட்டதை 1855-ல் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கையாகவே வெளியிட்டது. அதையொட்டிய சீர்திருத்தங்களில் ஒன்றாக 1858-ல் முறையான வருவாய் அளவைத் துறை வந்தது.

அந்தத் துறை உருவாக்கிய புலப்படம் ஒரு நல்ல கருவி. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு தனிப் பக்கம். வயலின் மூலைகளில் கல் நடப்படும். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நேர்கோடு இழுத்து, வரப்பு வளையும் ஒவ்வோர் இடத்துக்கும் அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று எழுதிவிடுவார்கள். அளந்தது சங்கிலியில், 66 அடிச் சங்கிலிக்கு நூறு கண்ணி. கல்லை யாராவது பிடுங்கிப் போட்டாலும், அந்த எண்களை வைத்து அதே இடத்தில் மறுபடி நட்டுவிடலாம். குடும்பம் பிரிந்த கதையும் அந்த எண்ணிலேயே ஏறும். தாத்தா காலத்தில் 45. மகன்கள் பிரித்தபோது 45/1, 45/2, 45/3. பேரன்கள் காலத்தில் 45/3ஏ, 45/3பி. ஒரு சர்வே எண்ணைப் பார்த்தே எத்தனை பாகப் பிரிவினை நடந்தது என்று பழகிய சர்வேயர் சொல்லிவிடுவார்.

புலப்படம் வந்ததும் வயலின் பரப்பைப் பொறுத்தவரை அரசு கர்ணத்தைச் சார்ந்திருக்கத் தேவையில்லாமல் போயிற்று. ஆனால் இந்த ஆண்டு வயலில் என்ன நிற்கிறது என்பதைக் கல்லா சொல்லும்? அதற்கு அடங்கல் இருந்தது. கிராமக் கணக்குகளில் இரண்டாம் எண் கொண்ட அந்தப் பதிவேட்டில் சர்வே எண், பரப்பு, பட்டாதாரர் பெயர், பயிர், பாசன ஆதாரம், விளைச்சல் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ஒவ்வொருவர் பேரிலும் எந்தெந்த நிலம் இருக்கிறது என்பதைச் சிட்டா காட்டும். கணக்கு ஆண்டு பசலி. ஆடி முதல் தேதியை ஒட்டித் தொடங்கிய அதை 1855-ல் ஜூலை 1-க்கு மாற்றினார்கள். பசலி முடியும் தறுவாயில் ஜமாபந்தி என்ற ஆண்டுத் தணிக்கை நடக்கும். கிராமக் கணக்குகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு கர்ணமே தாலுகா கச்சேரிக்குப் போய் ஒப்புவிக்க வேண்டும். உத்திரமேரூர்ச் சபை கேட்டதும் இதைத்தான்.

வரிக்காக எழுதிய அடங்கல் மெல்ல மெல்ல வேறு வேலைக்கும் போனது. மாகாணத்தில் எத்தனை ஏக்கர் நெல், எத்தனை ஏக்கர் நிலக்கடலை என்று ஆண்டுதோறும் வெளியான புள்ளிவிவரம் அடங்கல்களின் கூட்டல்தான். நிரந்தர ஜமீன் முறை இருந்த வங்காளத்தில் இப்படி ஊருக்கு ஊர் கணக்கு எழுதும் ஆள் இல்லை. அங்கே பயிர்ப் புள்ளிவிவரம் நொண்டியடித்தது. அந்தக் குறையிலிருந்தே புது முறை ஒன்று பிறந்தது: பி.சி. மகாலனோபிஸ் 1937 முதல் வங்காளத்தில் சணல் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பு மூலம் மதிப்பிடத் தொடங்கினார்.

பரப்புக் கணக்கு இருந்த ஊர்களிலும் விளைச்சல் கணக்கு ஒரு தலைவலியாகவே இருந்தது. இந்தப் போகம் ரூபாய்க்கு எத்தனை அணா விளைச்சல் என்று கர்ணமும் ஊர்த் தலைவரான மணியக்காரரும் கண்மதிப்பாகச் சொல்வார்கள். வரித் தள்ளுபடி அதைப் பொறுத்தது என்பதால், அந்தக் கண் எப்போதும் சற்றுக் குறைவாகவே பார்த்தது. பி.வி. சுகாத்மே போன்றவர்களின் முயற்சியால் 1940-களில் பயிர் அறுவடைப் பரிசோதனை பரவியது. சீட்டுப் போட்டது போல வயலைத் தேர்ந்து, நெல் என்றால் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருப்பதை அறுத்து, அடித்து, எடை போடுவது. பயிர்க் காப்பீட்டு இழப்பீடு இன்றும் இந்த எடையை நம்பி வழங்கப்படுகிறது.

வரலாற்று ஆய்வாளர்களுக்கும் இந்தக் கணக்குகள் கிடைத்தன. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மத்சுய் மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைக் கணிப்பொறி உதவியுடன் அகரவரிசைப்படுத்தி 1978-ல் தொகுதிகளாக வெளியிட்டனர். யார் நிலம் வைத்திருந்தார், யார் விற்றார், யார் எந்தப் பட்டம் தாங்கினார் என்பதையெல்லாம் எண்ணிப் பார்க்க அது வழி செய்தது. பர்னார்டின் பதிவுகளைக் காந்தியவாதி தரம்பால் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். சென்னைக் கொள்கை ஆய்வு மையம் திருப்போரூர், வடக்குப்பட்டு ஊர்களின் கணக்குகளைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைகளிலிருந்து பதிப்பித்தது. ஜப்பானிய ஆய்வாளர் மிசுஷிமா அதே பர்னார்ட் பதிவுகளைக் கணினி வரைபடத்தில் ஏற்றி ஆராய்ந்தார். ஒரே ஆவணத்தில் ஒருவர் தன்னிறைவான ஊரைக் கண்டார். இன்னொருவர் ஊர் எல்லை தாண்டிய உரிமைகளின் வலையைக் கண்டார். இரண்டையும் அந்தக் கணக்கு தாங்குகிறது. ஆனால் நிலத்தில் வேலை செய்தும் களத்துப் பட்டியலில் சொற்பமாக மட்டுமே தலைகாட்டியவர்களின் ஊரை அது அவ்வளவு எளிதில் காட்டாது.

பரம்பரைக் கர்ணத்தின் முடிவு நீதிமன்றத்தில் தொடங்கியது. பரம்பரைக் கிராமப் பதவி அரசியல் சட்டத்தின் சம வாய்ப்புக்கு முரண் என்று 1960-ல் ஆந்திர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968-ல் தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராமப் பதவிச் சட்டம் ரத்தானது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டுப் பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒரே அடியாக ஒழித்தது. வீடிழந்தவர்களைப் போல அவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 1982-ல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தேர்வெழுதி வந்த முழுநேர கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். கணக்கு ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்த காலம் முடிந்தது. எழுதாமல் அந்தக் குடும்பத்தின் நினைவில் மட்டும் இருந்தவையும் அத்தோடு போயின.

இதே ஆண்டுகளில், 1979 முதல் 1987 வரை, மாநிலம் முழுவதும் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டம் நடந்தது. ஏக்கர் சென்ட் ஹெக்டேர் ஏர் ஆயிற்று. பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. எழுதும்போது ஒரு பங்காளியின் பெயர் விடுபட்டது, பக்கத்து நிலத்துக்காரர் பெயர் ஏறியது, பட்டா நிலம் புறம்போக்கானது என்று வந்த புகார்களுக்குக் கணக்கில்லை. 'யு.டி.ஆர். பிழை' என்பது தாலுகா அலுவலக வாசலில் தனி மனு வகையாகவே ஆகிவிட்டது. பட்டா உரிமைப் பத்திரம் அல்ல, வரி கட்டுபவரைக் காட்டும் பதிவுதான் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியும் மக்கள் அதை உரிமையாகவே பார்க்கிறார்கள். நிலவரி வருமானம் அரசுக்கு ஒரு பொருட்டாக இல்லாமல் போன பிறகு, வரிக்காக எழுதிய கணக்குக்கு மதிப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது.

பின்னர் பதிவேடுகள் கணினியில் ஏறின. 'தமிழ் நிலம்' மென்பொருள் வந்தது. சிட்டாவை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். யு.டி.ஆரில் பிழையாக ஏறிய பெயர் அங்கும் பிழையாகவே ஏறியது. அடங்கலை மட்டும் ஒருவர் வயலுக்குப் போய்ப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது. 2024-ல் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு தொடங்கியபோது, கைப்பேசியோடு ஒவ்வொரு உட்பிரிவிலும் நின்று பயிரைப் படமெடுக்கும் வேலைக்கு வேளாண் கல்லூரி மாணவர்கள் ஊர் ஊராக அனுப்பப்பட்டார்கள்.