ஐஓஸ்டாட்டும் ஐஓடாப்பும்

லினக்ஸ் சர்வர் திணறும்போது பலரும் முதலில் ஐஓடாப்பைத்தான் திறக்கிறார்கள். எந்தப் புராசஸ் டிஸ்க்கை அரைக்கிறது என்று பெயரோடு காட்டுவதால் அந்த ஈர்ப்பு. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ஐஓஸ்டாட் என்பதே என் உறுதியான கருத்து.

ஐஓஸ்டாட், செபாஸ்டியன் கோடார் எழுதிய சிஸ்ஸ்டாட் தொகுப்பில் வருகிறது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் கெர்னல் வைத்திருக்கும் கணக்கைப் படித்துச் சொல்கிறது. ரூட் உரிமை தேவையில்லை. எக்ஸ் என்ற தெரிவைச் சேர்த்து நொடிக்கு ஒருமுறை ஓடவிட்டால் விரிவான பட்டியல் வரும். அதில் முதலில் வருவது கணினி பூட் ஆனதிலிருந்தான சராசரி. அதைப் பார்த்து டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஒய் தெரிவைச் சேர்த்தால் அது வராது.

என் கண் முதலில் போவது அவெய்ட் பத்திக்கு. ஒரு கோரிக்கை வரிசையில் நின்று முடிய எத்தனை மில்லிநொடி ஆனது என்பதே அது. 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்றவே 8 மில்லிநொடிக்கு மேல் ஆகும். அங்கே 10, 15 என்றால் கவலையில்லை. எஸ்எஸ்டியில் அதே எண் வந்தால் ஏதோ சரியில்லை. டிஸ்க் வேலையில் இருந்த நேரத்தைச் சொல்லும் யூட்டில் பத்தி 100 சதவீதம் காட்டினாலும் எஸ்எஸ்டியும் ரெய்டும் பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் கவனிப்பவை என்பதால் அவற்றின் எல்லை அதுவல்ல.

ஐஓடாப்போ டிஸ்க்கை விட்டுப் புராசஸைப் பார்க்கிறது. 2011-இல் இது நம்பியிருக்கும் கெர்னல் இடைமுகத்தில் ஒரு பாதுகாப்புக் குறை தெரியவந்தது: பிறரின் புராசஸ் எத்தனை பைட் படித்தது என்ற கணக்கிலிருந்து கடவுச்சொல்லின் நீளத்தைக்கூட ஊகிக்கலாம். அதனால் இன்று அதற்கு ரூட் உரிமை வேண்டும். கெர்னல் 5.14 முதல் காத்திருப்புக் கணக்கு இயல்பாக அணைந்திருக்கிறது. அதை இயக்காவிட்டால் ஐஓ சதவீதம் கிடைக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஈஎக்ஸ்டி4 டிஸ்க்கில் அடிக்கடி ஜேபிடி2 என்ற கெர்னல் திரெட் மேலே வந்து நிற்கும். குற்றவாளி அதுவல்ல. ஒவ்வொரு சின்னப் பதிவுக்கும் எஃப்சிங்க் கேட்கும் டேட்டாபேஸ் அதன் பின்னால் இருக்கலாம். டேட்டாபேஸ் எழுதும் அளவு நொடிக்குச் சில கிலோபைட்தான் என்பதால் அது பட்டியலின் அடியில் கிடக்கலாம். நொடிக்கு எத்தனை எழுத்துக் கோரிக்கைகள், ஒவ்வொன்றின் அளவு என்ன என்று ஐஓஸ்டாட்டில் பார்த்தவருக்கே இது பிடிபடும்.

ஆளைத் தேடும் வேலையில் ஐஓடாப்புக்கு நிகர் குறைவு. ஓ, ஏ தெரிவுகளோடு சில நிமிடங்கள் ஓடவிட்டால் மொத்தக் கணக்கும் வந்துவிடும். ஆனால் டிஸ்க் உண்மையிலேயே திணறுகிறதா என்பதை ஐஓஸ்டாட்டிடம் கேட்டுவிட்டு அதற்குப் போங்கள். சர்வர் அமைக்கும் அன்றே சிஸ்ஸ்டாட்டை நிறுவி, வழக்கமான நாளில் அவெய்ட் எவ்வளவு என்று குறித்து வையுங்கள்.